மாணிக்கத்தை யார் கூப்பிடுவது?

புதிதாகக் கணினி வகுப்பெடுக்க வந்திருக்கும் பிள்ளைகளே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாணவர்களை ஒரு ஃபங்ஷன் எழுத வைப்பது சுலபம். எழுதியதைப் பயன்படுத்த வைப்பதற்குள்தான் நமக்குத் தாவு தீர்ந்துவிடும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்த கணினிப் பயிற்சி நிலையத்தில் வருடக்கணக்காக நான் அந்த வேலையைத்தான் செய்தேன். எண்பதுகளின் பின்பாதி அது. இரண்டு பேருக்கு ஒரு கணினி, எல்லாருக்கும் சேர்த்து ஓர் ஏர்கோன், அதுவும் பாதி நாள் ஓடாது.

ஃபங்ஷன் என்றால் என்னவென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டில் வேறு யாராவது இதை எடுத்துப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். புரோகிராமில் அடிக்கடி வரும் ஒரு வேலையைத் தனியாக ஒரே ஒரு முறை எழுதி, அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவோம். பிறகு அந்த வேலை எங்கே தேவைப்பட்டாலும் பெயரை மட்டும் எழுதினால் போதும், விடை வந்துவிடும். இதை நான் பலகைக்கு முன்னால் நின்று இப்படிச் சொல்வது வழக்கம்: "ஃபங்ஷன் வேலைக்காரன் மாதிரி. பேர் சொல்லிக் கூப்பிட்டா ஓடி வருவான். கேட்டதக் குடுத்துட்டுப் போயிருவான்." எல்லாரும் தலையாட்டுவார்கள். நல்ல உதாரணம் என்று நானும் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

பெயர் வைப்பதில் மாணவர்கள் செய்யும் கூத்துக்கு அளவே கிடையாது. செந்தூலிலிருந்து வந்த ஒருவர் காதலியை நினைத்துத் தன் ஃபங்ஷனுக்கு சாயாங், அதாவது மலாயில் அன்பே, என்று பெயர் வைத்தார். புரோகிராம் முழுக்க சாயாங்கைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், பதில்தான் வரவில்லை. "எங்க மிஸ் பிரச்சினை?" என்று கேட்டார். எதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகிப்போனதால், மாணிக்கம் என்ற பெயரைத் திரையில் பார்த்தபோது நான் கண்டுகொள்ளவே இல்லை.

சரோஜா அக்கா கிள்ளானுக்குப் பக்கத்தில் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் குமாஸ்தா. தொழிலாளர்கள் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று அட்டைகளைப் பார்த்து வேலை நேரத்தைக் கணக்கிடுவது அவர் வேலை. அந்த வேலையைக் கணினிக்கு மாற்றப் போகிறோம் என்று மேனேஜர் ஒரு நாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். குறிப்பிட்ட ஒரு தேர்வில் பாஸானால் அக்கா கணினி அறையில் உட்காரலாம். இல்லையென்றால் பேக்கிங் பகுதியில் நின்றபடியே பெட்டி கட்ட வேண்டும். அக்காவுக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. எங்கள் நிலையத்தின் மாடிப்படியையே பாதியில் ஒரு முறை நின்று மூச்சு வாங்கித்தான் ஏறுவார். பேக்கிங் என்றால் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டேன், வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்று முதல் நாளே என்னிடம் சொன்னார்.

அந்தத் தேர்வுக்குக் கிள்ளானில் பயிற்சி கிடைக்கவில்லை. அதனால் சனிக்கிழமை பிற்பகலில் பஸ் ஏறி எங்களிடம் வந்தார். தனியாக அவ்வளவு தூரம் வேண்டாம் என்று கணவரும் கூடவே வந்தார். அவர் போர்ட் கிள்ளானில் ஷிப்ட் வேலை பார்ப்பவர், நல்ல உயரம், கையில் எப்போதும் குடை. அவர் பெயர்தான் மாணிக்கம். துணைக்கு வந்தவர் பேசாமல் ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பார் என்று பார்த்தால், நிலையத்தை நடத்தும் எங்கள் பாஸ் விடவில்லை. சும்மா உட்கார இங்கே நாற்காலி இல்லை, படிப்பதாக இருந்தால் உட்காரலாம் என்று சொல்லி அவரையும் மாணவராக்கிவிட்டார். பாஸுக்கு நாற்காலி காலியாக இருந்தால் தூக்கம் வராது.

வேடிக்கை என்னவென்றால், மாணிக்கம் அண்ணனுக்கு விஷயம் பிடித்துப்போயிற்று. கணவனும் மனைவியும் ஒரே கணினியில் உட்கார்ந்தார்கள். தேர்வுக்கு இருவரும் சேர்ந்து ஒரே புரோகிராம் எழுதலாம், ஆனால் தேர்வாளரிடம் தனித்தனியாகப் போய் விளக்க வேண்டும். அக்காவின் தொழிற்சாலைக் கணக்கையே எடுத்துக்கொண்டார்கள். பிரதான புரோகிராம் அக்காவின் பொறுப்பு. வந்த நேரம், போன நேரம் இரண்டையும் கொடுத்தால் எத்தனை மணி வேலை என்று சொல்லும் ஃபங்ஷன் அண்ணனின் பொறுப்பு. ராத்திரி வேலைக்கு வந்து விடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் கணக்கு சரியாக வரும்படி மிக அருமையாக எழுதினார். எழுதி முடித்து அதற்குத் தன் பெயரையே வைத்தார். கடைக்கும் லோரிக்கும் பெயர் வைப்பதில்லையா, அதுபோல என்று நானும் விட்டுவிட்டேன்.

அதன் பிறகுதான் எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. அக்கா அந்த ஃபங்ஷனைக் கூப்பிடவே இல்லை. காலை ஷிப்டுக்குக் கணக்கு வேண்டுமா, அண்ணன் எழுதிய வரிகளை எல்லாம் அப்படியே பார்த்து மறுபடி டைப் செய்தார். மாலை ஷிப்டுக்கு இன்னொரு முறை. ராத்திரி ஷிப்டுக்கு இன்னொரு முறை. விடுமுறை நாளுக்கு வேறு. ஒரே ஒரு பெயரை எழுதினால் முடிகிற இடத்தில் பக்கம் பக்கமாக அதே வரிகள். "அக்கா, பேரைச் சொல்லிக் கூப்பிட்டா போதும்" என்று சொன்னேன். தலையாட்டினார். அடுத்த வாரம் பார்த்தால் இன்னும் ஓர் இடத்தில் அதே வரிகள் கூடியிருந்தன. வகுப்பிலேயே கெட்டிக்காரி அவர்தான். மற்ற எல்லாவற்றையும் ஒரு முறை சொன்னால் பிடித்துக்கொள்கிறவர், இதில் மட்டும் மண் மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் வேலைக்காரன் உதாரணத்தை இன்னும் சத்தமாகச் சொன்னேன். உங்களில் பலரும் அதைத்தான் செய்வீர்கள்.

மாதிரித் தேர்வு வைத்தேன். இத்தனை இடத்தில் திரும்ப எழுதினால் ஓரிடத்தில் கை தவறத்தானே செய்யும்? ராத்திரி ஷிப்டில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. அந்த ஷிப்ட் தொழிலாளர்கள் எல்லாரும் வேலைக்கு வருவதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டதாகக் கணினி அறிக்கை கொடுத்தது. வகுப்பே சிரித்தது. இப்படி ஒரு தொழிற்சாலை இருந்தால் தனக்கும் ஒரு வேலை வாங்கித் தரும்படி செந்தூல்காரர் கேட்டார். அக்கா சிரிக்கவில்லை. குனிந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அன்று வகுப்பு முடிந்து மாணிக்கம் அண்ணன் தனியாக என்னிடம் வந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. "மிஸ், நான் எழுதினதுல ஏதும் தப்பு இருக்கா?" என்று கேட்டார். இல்லை, பிரமாதமாக இருக்கிறது என்றேன். "அப்ப ஏன் மிஸ் அவ என்னோடதக் கூப்பிடவே மாட்டேங்குறா? எல்லாத்தையும் அவளே திரும்ப எழுதிக்குறா. என் மேல அவ்ளோ நம்பிக்கை இல்லையா?" வளர்ந்த ஆண், குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, தன்னை ஒரு புரோகிராமில் கூப்பிடவில்லை என்று கண் கலங்கி நிற்பதை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் பலகையை விட்டுவிட்டு அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பாடம் எதுவும் சொல்லவில்லை. திரையில் இருப்பதை முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிக்கச் சொன்னேன். அக்கா கடகடவென்று வாசித்தார். ஃபங்ஷன் ஆரம்பிக்கும் வரி வந்தது. "ஃபங்ஷன்..." என்று நிறுத்தி, "அவரு" என்றார். பிறகு மறுபடி கடகடவென்று வாசித்தார்.

யார் அக்கா அவர் என்று கேட்டேன். மோவாயைத் தூக்கிப் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். அந்த நாற்காலி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

"கல்யாணம் ஆனதுலேருந்து அவரு பேர நான் சொன்னதில்ல மிஸ்" என்றார் அக்கா. விண்ணப்பப் பாரத்தில் எல்லாம் எழுதுவீர்களே என்றேன். "பாரத்துல எழுதுறது வேற. அது இன்னாரோட சம்சாரம்னு சொல்றது. இது அவரக் கூப்பிடுறது இல்லையா? நீங்கதான சொன்னீங்க, வேலைக்காரன் மாதிரி, பேர் சொல்லிக் கூப்பிட்டா ஓடி வருவான்னு. அவரப் போயி நான் எப்படி மிஸ் அப்படிக் கூப்பிடுவேன்?"

நானும் கல்யாணம் ஆனவள்தான். என் கணவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், கோபம் வந்தால் அதைவிடக் குறைவாகவும் கூப்பிடுவேன். அதனால் இப்படி ஒரு சுவர் இருக்கும் என்று என் மண்டையில் ஏறவே இல்லை. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். கெட்டிக்கார மாணவி ஒரே தவறை விடாமல் செய்கிறாள் என்றால் பாடத்தைத் திரும்பச் சொல்வதில் பயனில்லை. வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கே குரல் தடுக்குகிறதோ அங்கேதான் விஷயம் இருக்கும்.

பெயரை மாற்றிவிட்டால் தீர்ந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எந்தெந்த ஃபங்ஷன், என்னென்ன பெயர் என்று தேர்வு வாரியத்துக்கு முன்பே எழுதி அனுப்பியாகிவிட்டது. பாஸ் போன் செய்து கேட்டார். புதிதாகச் சேர்க்கலாம், அனுப்பிய பெயரை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பாஸ் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். "இன்னா மிஸ் இது, வீட்டு விவகாரத்தையெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள கொண்டுவந்து வச்சிருக்காங்க" என்று புலம்பினார்.

வகுப்பு முழுவதும் இதைத் தன் சொந்தப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு டைப் செய்யலாம் என்றார் ஒருவர். கடைசி எழுத்தை முதலில் அடித்துப் பின்னாலிருந்து முன்னால் வந்தால் பெயரைச் சொன்னதாக ஆகாது என்றார் இன்னொருவர். இதற்கும் செந்தூல்காரர் ஒரு யோசனை சொன்னார், அதை இங்கே எழுத முடியாது.

கடைசியில் நான் அக்காவையே கேட்டேன். அவர் தெருமுனையில் நிற்கிறார், நீங்கள் வீட்டுக்குள் இருக்கிறீர்கள், அவசரமாகக் கூப்பிட வேண்டும். என்ன செய்வீர்கள்? அக்கா யோசிக்கவே இல்லை. "அத்தைகிட்ட சொல்லுவேன். அவங்க பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க, அவங்க பெத்தவங்க." சொல்லிவிட்டுச் சட்டென்று திரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அப்படித்தான் அத்தை என்று ஒரு புதிய ஃபங்ஷன் பிறந்தது. அக்கா அத்தையைக் கூப்பிடுவார். அத்தை மாணிக்கத்தைக் கூப்பிடுவார். அத்தைக்கு வேறு வேலையே கிடையாது. அத்தைக்குள்ளே மாணிக்கம் என்ற பெயரை யார் டைப் செய்வது என்று ஒரு சிக்கல் வந்தது. "எங்கம்மா என்னக் கூப்பிடுறத நானே அடிக்கிறேன்" என்று அண்ணன் முன்வந்தார். முதல் முறை ஓட்டியபோது விடையே வரவில்லை. பார்த்தால், அத்தை மாணிக்கத்திடம் கேட்டு விடையை வாங்கிக்கொண்டு, அதை மருமகளிடம் திருப்பிக் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டிருந்தார். அந்த வரியை எழுத மறந்திருந்தார்கள். "வீட்டுலயும் அப்படித்தான் மிஸ்" என்றார் அக்கா மெதுவாக. அண்ணன் காதில் விழாதது போல் அந்த வரியைச் சேர்த்தார்.

புரோகிராம் ஓடியது. திரும்பத் திரும்ப எழுதிய வரிகளையெல்லாம் அக்கா ஒவ்வொன்றாக அழித்தார். ராத்திரி ஷிப்ட் ஆட்கள் ஒழுங்காக வந்து ஒழுங்காகப் போனார்கள். நான் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

தேர்வு நாள் வந்தது. தேர்வாளர் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்த ஒரு சீனர். சிரிப்பு என்பதைக் கடையில் விற்றாலும் வாங்காத முகம். மாணவர்கள் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்களா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. அவர் கேட்கும் மாற்றத்தை அங்கேயே செய்ய வேண்டும், டைப் செய்வதை வாயாலும் சொல்ல வேண்டும். நான் அறையில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அந்த மாணவருக்குத் தேர்வே ரத்து. அன்று ஏர்கோன் வேறு ஓடவில்லை. கதவைத் திறந்து வைத்திருந்தோம். வெளியே நடையில் பெஞ்சு போட்டு மாணிக்கம் அண்ணன் தன் முறைக்காகக் காத்திருந்தார்.

அக்கா நன்றாகவே விளக்கினார். தேர்வாளர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர், அத்தையிடம் வந்து நின்றார். இந்த ஃபங்ஷன் எதையும் செய்யவில்லையே, இன்னொன்றைக் கூப்பிடுவதைத் தவிர, எதற்கு இது என்று ஆங்கிலத்தில் கேட்டார். எங்கள் வீட்டு வழக்கம் அப்படி என்று அக்கா ஏதோ சொல்லிப் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை. அதை எடுத்துவிட்டு நேராக மாணிக்கத்தைக் கூப்பிடுங்கள், உங்களுக்கு ஃபங்ஷனைக் கூப்பிடத் தெரியும் என்று நான் பார்க்க வேண்டும் என்றார். அதுதான் அன்றைய கேள்வி. அதில் தவறினால் பாஸ் இல்லை.

அக்கா அத்தையின் பெயரை அழித்தார். விரல்கள் எழுத்துகளின் மேல் போய் நின்றன. பிறகு ஒவ்வொன்றாக அடித்தார், வாய் மட்டும் மூடியே இருந்தது.

"சே இட் லா. டைப் அண்ட் சே" என்றார் தேர்வாளர்.

அக்கா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு வாக்கியம் போதும், நான் அந்த மனிதரிடம் விளக்கியிருப்பேன். அந்த ஒரு வாக்கியத்தால் அக்காவின் தேர்வும் போய்விடும். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் வேலையில் நான் பட்ட பாட்டிலேயே பெரிய பாடு அதுதான். கதவைச் சாத்தலாமா என்று அக்கா தேர்வாளரிடம் கேட்டார். இந்தப் புழுக்கத்தில் கதவைச் சாத்துவதாவது என்று அவர் மறுத்துவிட்டார். பேனாவைத் திறந்து மதிப்பெண் தாளைப் பக்கத்தில் இழுத்தார்.

அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். கண்ணைத் திரையை விட்டு எடுக்கவில்லை. பயத்தில் குரல் இரண்டு மடங்காக வந்தது.

"மாணிக்கம்" என்றார்.

வெளியே பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. குடை விழுந்தது. அடுத்த நொடி அண்ணன் வாசலில் நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு திகைப்பு. "என்னா? என்னா ஆச்சு?" என்று நேராக அக்காவிடமே வந்துவிட்டார். அக்கா வெட்கத்தில் குனிந்துகொண்டார்.

தேர்வாளருக்குக் கோபம் வந்துவிட்டது. யார் இந்த ஆள், இவரை யார் உள்ளே கூப்பிட்டது என்று கேட்டார். நான் பேசக் கூடாது, அண்ணனால் பேச முடியவில்லை. கடைசியில் அக்காதான் தலை நிமிர்ந்தார்.

"சோரி சார்" என்றார். "திஸ் ஒன் லா த ஃபங்ஷன்."

தேர்வாளர் அண்ணனிடம் பெயர் கேட்டார். அண்ணன் சொன்னார். அவர் திரையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், அழிந்துபோன அத்தை இருந்த இடத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிய ஆரம்பித்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு முகத்தைக் கைக்குட்டையால் நெடுநேரம் துடைத்தார். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். அக்கா கணவரிடம் ஒன்றுமில்லை, போய் உட்காருங்கள் என்றார். அவரும் போய் உட்கார்ந்தார். புரோகிராமை ஓட்டினார்கள், விடை சரியாக வந்தது. செய்முறைத் தேர்வின் முடிவை அங்கேயே சொல்லிவிடுவார்கள். பாஸ் என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணனின் முறை வந்தபோது, உங்கள் மனைவியின் புரோகிராம் என்ன செய்கிறது என்று தேர்வாளர் கேட்டார். "தெரியாது சார். என்கிட்ட நேரத்தக் குடுப்பாங்க. நான் கணக்குப் பண்ணிக் குடுப்பேன். வச்சு என்னா பண்றாங்கன்னு அவங்களத்தான் கேக்கணும்" என்றார் அண்ணன். பிள்ளைகளே, ஒரு ஃபங்ஷன் எப்படி இருக்க வேண்டும் என்று நான் வாரக்கணக்கில் தொண்டை வறளக் கத்தியது இதைத்தான். அவரும் பாஸ்.

அவர்கள் கிளம்பிய பிறகு நான் டீ குடிக்கக் கீழே இறங்கினேன். இரண்டு பேரும் நடைபாதையில் பஸ்ஸுக்காக நின்றிருந்தார்கள். என்னை அவர்கள் கவனிக்கவில்லை. அண்ணனின் காது இன்னும் சிவந்திருந்தது.

"நல்லாத்தான் இருந்துச்சு, நீ கூப்பிட்டது" என்றார். "வீட்டுலயும் ஒரு தடவ கூப்பிடேன்."

அக்கா பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலை இருந்தா கூப்பிடுறேன்" என்றார்.